நெல்லையில் ஒரே நாள்: கோவில், பாய், பானை, அருவி. எந்த வரிசையில் போகலாம்?

கோவை சுமதி:

வணக்கம். அரையாண்டு லீவில், டிசம்பர் கடைசி வாரம் திருநெல்வேலி வருகிறோம். நான், கணவர், மாமியார் (68 வயது, இரண்டு முட்டியிலும் வலி), ஏழாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். ஜங்ஷன் பக்கம் அறை போட்டாச்சு. முதல் நாள் மதியம் வந்து சேர்வோம், மறுநாள் முழுசாகக் கையில் இருக்கிறது, அதற்கடுத்த நாள் விடிகாலையில் திருச்செந்தூர்.

அந்த ஒரு நாளுக்கு ஒரு டிராவல்ஸில் கேட்டேன். கைடோடு ஒரு நாள் சுற்றுலா என்று பட்டியல் அனுப்பினார்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி நெல்லையப்பர், கிருஷ்ணாபுரம், பத்தமடை, மணிமுத்தாறு, பாபநாசம், குற்றாலத்தில் மூன்று அருவி, இரவு 9க்குத் திரும்புதல். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது.

எங்களுக்கு அவ்வளவு ஆசை இல்லை. மாமியார் ஒரு பழைய கோவிலிலாவது நிதானமாக உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு அருவி. எனக்குப் பத்தமடைப் பாய் நெய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். என் கல்யாணத்துக்கு அம்மிச்சி யாரிடமோ சொல்லி, எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு நெய்து வாங்கிக் கொடுத்த பாய், 15 வருடமாகப் பீரோ மேல் இருக்கிறது. விரித்துப் படுக்க மனசே வரவில்லை.

இந்தப் பட்டியல் நடக்குமா? கைடு அவசியமா?

சிங்கை மைனர்:

நடக்கும். நீங்கள் வண்டியை விட்டு இறங்காமல் இருந்தால்.

குற்றாலத்தை முதலில் வெட்டுங்கள். மார்கழியில் ஐயப்ப சாமிமார் கூட்டம் மெயினருவியில் நெரியும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற நேரம் இல்லை.

பாளை வாத்தியார்:

முதல் நாள் மதியமே வந்துவிடுகிறீர்கள் அல்லவா, அன்று சாயங்காலம் நடை திறந்ததும் கிருஷ்ணாபுரம் போய்விடுங்கள். ஊரிலிருந்து கிழக்கே திருச்செந்தூர் சாலையில் 13 கிலோமீட்டர்தான். நாயக்கர் காலத்து வேங்கடாசலபதி கோவில். தரை மட்டத்திலேயே எல்லாம் பார்க்கலாம், அம்மாவுக்கு ஏறுகிற வேலை இல்லை.

பிள்ளைகளைக் கர்ணன் முன்னால் நிறுத்துங்கள். கையில் நாகாஸ்திரம் இருக்கும். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவன் விரல் நகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன். அவன் விலா எலும்பை எண்ணலாம். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போதெல்லாம் இந்த இரண்டுக்கு மட்டும் அரை மணி நேரம் கொடுப்பேன். சிலையைத் தட்டினால் ஓசை வரும் என்று யாராவது தட்டிக் காட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல வருடம் தட்டு வாங்கின கல் அது.

வீரை வண்டிக்காரன்:

சுமதி தங்கச்சி, நான் வீரவநல்லூர்க்காரன். 16 வருடமாகச் சொந்த வண்டி ஓட்டுகிறேன். அந்தப் பட்டியலைப் போட்டவர் மேப்பைப் பார்த்துப் போட்டிருக்கிறார், நடை சாத்துகிற நேரத்தைப் பார்க்கவில்லை.

நம்ம பக்கம் பெரும்பாலான கோவில்களை மதியம் 12 வாக்கில் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். கிராமத்துக் கோவில் என்றால், கூட்டம் இல்லாத நாளில் 11 மணிக்கே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 8 மணிக்கு ஜங்ஷனில் கிளம்பி, நெல்லையப்பரைக் கும்பிட்டு, கிழக்கே கிருஷ்ணாபுரம் போய், திரும்பி மேற்கே வந்து பாபநாசம் சேரும்போது பூட்டுதான் இருக்கும். அதனால் காலையில் கோவில், உச்சிப்பொழுதில் அருவி, சாயங்காலம் கைவேலை. இதுதான் வரிசை. அப்புறம் ஆற்றை விட்டு விலகாதீர்கள். தாமிரபரணிக் கரையோடு மேற்கே போய் அதே கரையோடு திரும்பினால் நீங்கள் கேட்ட மூன்றும் வந்துவிடும்.

5.30க்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். மார்கழி என்பதால் கோவில்களை வெள்ளென திறப்பார்கள், அது நமக்கு நல்லது. இட்லியைப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி எதிலும் நிற்காமல் வீரவநல்லூர் வந்து, திருப்புடைமருதூருக்கு உள்ளே திரும்புங்கள்.

அம்மாவை உட்கார வைக்க வேண்டிய இடம் அதுதான். நாறும்பூநாதர் கோவில். கடனா நதி தாமிரபரணியில் வந்து சேருகிற இடம், கரையெல்லாம் மருத மரம். படித்துறையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இட்லி சாப்பிடுங்கள். உள்ளே லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று கூப்பிட்டாராம், ஆற்று இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று சாமி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாராம். என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்ன பிறகு அவளும் யார் கூப்பிட்டாலும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் ‘என்ன’ என்பாள்.

ராஜகோபுரம் ஐந்து நிலை. உள்பக்கம் நிலைக்கு நிலை மரச்சிற்பமும் சுவர் ஓவியமும். கப்பலில் குதிரை வந்து இறங்குவது, யானைப்படை, சண்டை எல்லாம் உண்டு. ஆனால் முன்கூட்டியே அனுமதி வாங்கினால்தான் ஏற விடுவார்கள், படி செங்குத்து. அம்மா கீழேயே இருக்கட்டும். மரத்தில் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருந்தால் அதுவே ஒரு மணி நேரத்துக்குக் காணும். 2005லேயே அந்த ஊரைப் பறவைகளுக்கான காப்பிடம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அடுத்து நேரம் இருந்தால் மட்டும் அம்பாசமுத்திரம் தாண்டி மன்னார்கோவில். சோழர் காலம், மூன்று தளத்திலும் பெருமாள், குலசேகர ஆழ்வார் முக்தி அடைந்த ஊர் என்பார்கள். நேரம் இல்லையென்றால் நேரே பாபநாசம். 11 மணிக்குள் அங்கே இருக்கணும். உலகம்மை சந்நிதி முன்னால் உரலில் விரலிமஞ்சள் இடிப்பார்கள், அம்மா ஒரு கை போடட்டும். வெளியே ஆற்றில் மீனுக்குப் பொரி போடலாம், பிள்ளைகள் நகர மாட்டார்கள். ஒன்றே ஒன்று: குளித்துவிட்டுப் பழைய துணியை ஆற்றில் விடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. அதே படித்துறையில் அடுத்தவன் காலில் சுற்றும்.

மணிமுத்தாறு அருவியா, அகத்தியர் அருவியா என்றால் அகத்தியர். வருடம் முழுக்கத் தண்ணீர் விழும், பாபநாசத்திலிருந்து பக்கம். மணிமுத்தாறு அருவி அணைக்கு மேலே காட்டுக்குள், மலையில் மழை பெய்து தண்ணீர் கூடினால் அன்றைக்கே அடைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் வனத்துறை செக்போஸ்ட் உண்டு. பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எல்லாம் வாசலிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். குரங்கும் உண்டு, அது செக்போஸ்டை விட நன்றாகப் பையைச் சோதிக்கும்.

குளித்த பிறகு சாப்பாடு, அம்பாசமுத்திரத்தில். பிறகு திரும்புகிற வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்குங்கள். இந்த ஊர் நடராஜர்தான் 1982ல் களவு போய், ஆஸ்திரேலியாவில் ஒரு கலைக்கூடத்தில் இருந்து, 2019ல் திரும்பி வந்தவர். அடுத்து காருகுறிச்சி. நாதஸ்வரம் அருணாசலம் பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும், மண்பாண்டத்துக்கும் அதே அளவு பெயர். நீங்கள் வருகிற வாரம் பொங்கல் பானை வேலை முழுவீச்சில் நடக்கும். கடைசியாகப் பத்தமடை. வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் ஜும்மா நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீடுகள்.

கைடு கேட்டீர்கள். நானே முதல் இரண்டு வருடம், எந்தக் கோவிலில் பூட்டின கதவைப் பார்த்தாலும் ‘இது மதுரைக்குப் போகிற சுரங்கம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் வண்டியில் வந்த பெரியவர் ஒருவர், ‘தம்பி, இந்தக் கோவிலுக்கு ஆறு தாண்டித்தானே வந்தோம், சுரங்கத்தில் தண்ணி வராதா’ என்று கேட்டார். அன்றோடு விட்டேன். பாயையும் பானையையும் பற்றிச் செய்கிறவர்களே சொல்வார்கள். கோவிலில் அர்ச்சகரிடம் கேளுங்கள். வழி தெரிந்த டிரைவர் போதும்.

தென்காசி வெயில்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. பெரிய ரோட்டில் ‘பத்தமடை பாய்’ என்று போர்டு வைத்த கடையில் நிறுத்தினால் இறங்காதீர்கள். போன வருடம் ஒரு சுற்றுலா வண்டியில் எங்களை அப்படி ஒரு கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். 900 ரூபாய்க்கு வாங்கின பாயை வீட்டில் தண்ணீர் தெளித்துத் துடைத்தபோதுதான் பிளாஸ்டிக் என்று தெரிந்தது. டிரைவருக்குக் கமிஷன் போயிருக்கும்.

கோவை சுமதி:

எல்லோருக்கும் நன்றி. வண்டிக்கார அண்ணாச்சி, பத்தமடையில் யார் வீட்டுக்குப் போய் எப்படிக் கேட்பது? சும்மா கதவைத் தட்டலாமா?

வீரை வண்டிக்காரன்:

தட்டலாம். பாய் சொசைட்டியில் கேட்டால் எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்று சொல்வார்கள். வீட்டுக்குள் போகிறோம் என்பதால் முதலில் நீங்களும் அம்மாவும் போய்க் கேளுங்கள், ஆண்கள் திண்ணையில் இருக்கட்டும். போட்டோ கேட்டு எடுங்கள்.

கோவை சுமதி:

போய்விட்டு வந்தோம். சொன்னபடி எழுதுகிறேன்.

5.30 என்று நினைத்து 6.10க்குக் கிளம்பினோம். திருப்புடைமருதூரில் மாமியார் படித்துறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒன்றரை மணி நேரம். முட்டி வரைக்கும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, பக்கத்தில் துணி துவைத்த ஒரு ஆச்சியோடு மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி இருந்ததால் எல்லாம் கேட்கவில்லை, கேட்டது போதும். மன்னார்கோவில் போச்சு. கோபுரம் ஏற அனுமதி வாங்கவில்லை, அது எங்கள் தப்பு.

பாபநாசத்துக்கு 11.20க்குச் சேர்ந்து, நடை சாத்துவதற்குள் பார்த்துவிட்டோம். மாமியார் மஞ்சள் இடித்தார். மணிமுத்தாறு அருவி அன்றைக்கு அடைப்பு என்று டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள். அகத்தியர் அருவியில் பையன் நடுங்கி நடுங்கிக் குளித்துவிட்டு, வெளியே வந்ததும் மறுபடி ஓடினான். மகள் வைத்திருந்த முறுக்குப் பொட்டலம் குரங்குக்குப் போனது.

காருகுறிச்சியில் ஒரு விஷயம் எனக்கு இத்தனை வயதில் தெரியாது. சக்கரத்திலிருந்து எடுக்கும்போது பானைக்கு அடி இல்லை, சும்மா வளையம் மாதிரி திறந்துதான் இருக்கிறது. கொஞ்சம் காய்ந்த பிறகு உள்ளே ஒரு வழவழப்பான கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுகிறார்கள். தட்டுகிற சத்தம் மாறுவதைக் கேட்டே கனம் எங்கே அதிகம் என்று சொன்னார் அந்த அம்மா. விட்டுவிட்டு மழை என்பதால் வீட்டுக்குள் கட்டில் அடியில்கூடப் பானை காய்ந்துகொண்டிருந்தது.

பத்தமடைக்குப் போகும்போது 5 மணி, வெளிச்சம் குறைந்துவிட்டது. தறி தரையோடு இருக்கிறது. அதன் மேலேயே உட்கார்ந்து நெய்கிறார்கள். கோரையைக் கீறி, காய வைத்து, தண்ணீரில் நாள் கணக்காக ஊறப்போட்டு, மறுபடி காய வைத்து, கத்தியால் உள்சோற்றைச் சுரண்டி எடுத்த பிறகு மிஞ்சுவது நூல் கனம்தான் இருக்கிறது. ஒரு இழையை என் உள்ளங்கையில் வைத்தார்கள், வைத்ததே தெரியவில்லை. அதை நீளமான குச்சியில் மாட்டி ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, அச்சை இழுத்து நெருக்குகிறார்கள். நாங்கள் பார்த்த 20 நிமிடத்தில் ஒரு விரற்கடை கூட ஏறவில்லை.

என் பாயைப் பற்றிச் சொன்னேன். ‘மடிச்சா வச்சிருக்கீங்க, சுருட்டியா?’ என்று நெய்துகொண்டிருந்தவர் கேட்டார். மடித்து என்றேன். ஒன்றும் சொல்லாமல் என் மாமியாரைப் பார்த்தார். மாமியாரும் அவரைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் எடுத்து விரித்தேன். மடிப்பில் இரண்டு இடத்தில் கோரை முறிந்திருந்தது. இப்போது மாமியார் மதியம் அதில்தான் படுக்கிறார்.

வண்டிக்கார அண்ணாச்சி, காருகுறிச்சிப் பானை இரண்டு வாங்கினேன். ஒன்றில் தண்ணீர் வைத்தால் கசிகிறது. ஓட்டையா?

வீரை வண்டிக்காரன்:

ஓட்டை இல்லை. புதுப்பானை அப்படித்தான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்: ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கப் போடுங்கள், அப்புறம் கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்க விடுங்கள், இரண்டு மூன்று தடவை. அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் சொட்டினால் மட்டும் அதைச் செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணிப்பானை என்றால் கசியட்டும், கசிந்தால்தான் குளிரும்.