புது ரூட்டர் மாற்றிய பிறகு எடை மெஷின் வைஃபையில் சேரவில்லை, ப்ளூடூத்தில் மட்டும் எடை வருகிறது

கேள்வி

குளியலறையில் வைக்கும் ஸ்மார்ட் எடை மெஷின். வைஃபை, ப்ளூடூத் இரண்டும் உண்டு. நான்கு ஏஏஏ பேட்டரி. அடியில் உள்ள லேபிளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்று இருக்கிறது. பழைய ரூட்டரில் ஒழுங்காக ஓடியது. இப்போது வைஃபை 6 ரூட்டர். 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர். பழைய ரூட்டரில் இருந்த அதே பெயர், அதே பாஸ்வேர்டைத்தான் இதிலும் வைத்திருக்கிறேன்.

ஆப் மெஷினைக் கண்டுபிடிக்கிறது. பாஸ்வேர்டு கொடுத்ததும் வட்டம் சுற்றி 80 சதவீதத்தில் நிற்கிறது, ஒரு நிமிடத்தில் "இணைக்க முடியவில்லை" என்கிறது. ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறி நின்றால் எடை வந்துவிடுகிறது, மூடியிருந்தால் வருவதில்லை.

ரூட்டரை அணைத்துப் போட்டாயிற்று. ஆப்பை அழித்து மறுபடி ஏற்றியாயிற்று. பேட்டரியும் புதிது (ரீசார்ஜ் வகை). மெஷினை ரீசெட் செய்யலாமா?

பதில் 1

ரீசெட் இப்போது வேண்டாம். அனுப்பாமல் மெஷினிலேயே தேங்கியிருக்கும் அளவுகள் அதில் அழிந்துபோகலாம். முதலில் பிரச்சினை எந்த இடத்தில் என்று பிரிப்போம்.

ப்ளூடூத்தில் எடை வருகிறது என்றால் போன், ஆப், ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகள் எல்லாம் சரி. ஆப்பை எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் பலன் இராது. பாஸ்வேர்டு ப்ளூடூத் வழியாக மெஷினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு மெஷின் ரூட்டரின் கதவைத் தட்டுகிறது, ரூட்டர் திறக்கவில்லை. அநேகமாக அந்த 80 சதவீதம் இந்த இடம்தான்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துக்கு எழுத்து அதேபோல இருந்தால் ரூட்டர் மாறியதே மெஷினுக்குத் தெரியக் கூடாது, தானாகவே சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் மூன்றாவதாக ஏதோ மாறியிருக்கிறது. ரூட்டரின் பாதுகாப்பு வகை என்பது என் ஊகம். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வயர்லெஸ் செட்டிங்ஸைத் திறந்து, 2.4-க்குக் கீழே செக்யூரிட்டி என்ற வரியில் என்ன இருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள்.

அதற்கு முன் ஐந்து நிமிட சோதனை ஒன்று. இரண்டாவது போன் ஒன்றில் ஹாட்ஸ்பாட் போட்டு, மெஷினை அதில் சேர்த்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்ட் 2.4 என்றும், பாதுகாப்பு டபிள்யூபிஏ2 என்றும் வையுங்கள். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் "மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்பதை ஆன் செய்தால்தான் ஹாட்ஸ்பாட் 2.4-க்கு இறங்கும். அந்தத் திரையை விட்டு வெளியே வராமல் சோதனையை முடியுங்கள். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால் மெஷின் நல்ல மெஷின், குற்றம் ரூட்டர் செட்டிங்ஸில். அதிலும் சேராவிட்டால் மட்டும் பேட்டரி, ரீசெட் என்று போகலாம்.

பதில் 2

2.4, 5 ரெண்டையும் தனித்தனிப் பேரா பிரிச்சு விடுங்க, சரியாயிடும். எல்லா ஸ்மார்ட் சாமானுக்கும் இதான் வைத்தியம்.

பதில் 1, மீண்டும்

சில சமயம் சரியாகும், ஆனால் எல்லோரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல. 2.4 ரேடியோ மட்டுமே உள்ள மெஷினுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது, அதனால் ஒரே பெயர் அதைக் குழப்பாது. குழம்புவது ஆப். போன் அந்த நேரத்தில் 5-ல் இருந்தால் சில ஆப்கள் "இந்த நெட்வொர்க் ஆகாது" என்று மறுத்துவிடும். இங்கே ஆப் மறுக்கவே இல்லை, பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு அனுப்பியும்விட்டது. பிரிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை, ஆனால் இவருக்கு அது மருந்து என்று தோன்றவில்லை.

கேட்டவர்

ஹாட்ஸ்பாட்டில் பத்தே விநாடியில் சேர்ந்துவிட்டது! ரூட்டரில் பார்த்தேன்: 2.4, 5 இரண்டுக்கும் "டபிள்யூபிஏ3 பெர்சனல்". கீழே "பிஎம்எஃப்: ரிக்வையர்டு".

பதில் 3

அதேதான். டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை வந்தது 2018-ல். அதில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையே வேறு. பழைய சிப் வைத்த எடை மெஷின்களுக்கு அந்த முறை தெரியாது. அவற்றின் பார்வையில் பாஸ்வேர்டு தப்பில்லை, பேசும் பாஷைதான் புரியவில்லை. ஆப் அதையெல்லாம் விளக்காது, "இணைக்க முடியவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

மாற்ற வேண்டியது:

2.4-க்கு மட்டும் "டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, ஏஇஎஸ்" வையுங்கள். ரூட்டரில் "டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு" இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பெரும்பாலும் போதும். ஆனால் கலப்பில் வைத்துவிட்டு பிஎம்எஃப்-ஐ (வைஃபை இணைப்பை நிர்வகிக்கும் செய்திகளுக்கான பாதுகாப்பு) "ரிக்வையர்டு" என்றே விட்டுவிட்டால் பழையபடி நிற்கும். அதை "ஆப்ஷனல்" அல்லது "கேபபிள்" ஆக்குங்கள். அவசரத்தில் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விடுவதோ, டபிள்யூஇபி, டிகேஐபி என்ற பழைய, பலவீனமான முறைகளுக்குக் கீழே இறங்குவதோ வேண்டாம். ஒரு எடை மெஷினுக்காக வீட்டுக் கதவையே கழற்றி வைப்பது போல ஆகிவிடும்.

வீட்டு நெட்வொர்க்கை டபிள்யூபிஏ3-லேயே வைத்திருக்க ஆசை என்றால், கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றை 2.4, டபிள்யூபிஏ2 என்று திறந்து மெஷினை அங்கே விடலாம். கெஸ்ட் நெட்வொர்க்கில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். மெஷின் அளவை நேரே சர்வருக்கு அனுப்பும் வகை என்றால் அது தொந்தரவு இல்லை. செட்டப் நேரத்தில் போன் அதே நெட்வொர்க்கில் மெஷினைத் தேடும் வகை என்றால் மட்டும், செட்டப் முடியும்வரை தடுப்பை எடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நின்றால் 2.4-ல் வைஃபை 6 முறையை அணைத்து "பி/ஜி/என்" (பழைய வைஃபை முறைகள்) என்று வைத்துப் பாருங்கள். சில பழைய சிப்கள் அதிலும் தடுமாறும். சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். ஆட்டோ 12-க்கோ 13-க்கோ போய்விட்டால், அந்தச் சேனல்களே தெரியாத மெஷின்கள் உண்டு. சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள்.

இன்னொன்று, இது இவருக்கு இல்லை, தேடி வருகிறவர்களுக்கு: நெட்வொர்க் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். பெயருக்கு மொத்தம் 32 பைட்தான் இடம். தமிழில் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட். "எங்கள் வீடு" என்பதே 31 பைட். ரூட்டர் ஏற்றுக்கொண்டாலும், ஆங்கில எழுத்தை மட்டும் எதிர்பார்க்கும் மெஷின் அதைக் கையாளாமல் போகலாம். பாஸ்வேர்டின் கடைசியில் போன் கீபோர்டு தானாகச் சேர்க்கும் இடைவெளியும் இதே ரகம், கண்ணுக்குத் தெரியாது.

வேறொருவர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆப் மெஷினையே கண்டுபிடிக்கவில்லை. வைஃபை கட்டம் வரைக்கும் போகவே இல்லை.

பதில் 1, மீண்டும்

அது வேறு நோய். ஆண்ட்ராய்டு 12 முதல் ஆப்புக்கு "அருகிலுள்ள சாதனங்கள்" அனுமதி வேண்டும். 11 வரை லொகேஷன் அனுமதி கொடுத்து லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். ஐபோனில் ப்ளூடூத், லோக்கல் நெட்வொர்க் இரண்டு அனுமதியும். போனின் ப்ளூடூத் பட்டியலில் போய் மெஷினை நேரடியாக இணைத்திருந்தால் அதை நீக்குங்கள், ஆப் வழியாகத்தான் சேர வேண்டும். தேடும்போது மெஷின் விழித்திருக்க வேண்டும். கால் விரலால் தட்டினால் திரை எரியும், சில விநாடியில் மறுபடி தூங்கிவிடும். ஆகவே தேடல் ஓடும்போதே தட்டுங்கள்.

உங்கள் மெஷின் தானே ஒரு வைஃபை பெயரைப் போட்டு "இதில் சேருங்கள்" என்கிற வகை என்றால், மொபைல் டேட்டாவையும் விபிஎன்-ஐயும் அணைத்துவிட்டுச் சேருங்கள். "இதில் இண்டர்நெட் இல்லை, மாறவா?" என்று போன் கேட்கும். மாறாதே என்று சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் தவறுவது அங்கேதான்.

கேட்டவர்

டபிள்யூபிஏ2 வைத்ததும் ஹாலில் உடனே சேர்ந்துவிட்டது. நன்றிங்க. ஆனால் குளியலறையில் பழைய கதை கொஞ்சம் மிச்சம். எடை காட்டுகிறது, வைஃபை குறி சிமிட்டி அணைகிறது, அளவு சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை. ரூட்டர் பட்டியலில் எப்போது பார்த்தாலும் ஆஃப்லைன். குளியலறையில் போனில் சிக்னல் மூன்று கோடு இருக்கிறது.

பதில் 3

ஆஃப்லைனைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பேட்டரியில் ஓடுவது எப்போதும் வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தால் சில நாளிலேயே தீர்ந்துவிடும். அதனால் எடை பார்த்த பின் ரேடியோ எழுந்து, அளவைத் தள்ளிவிட்டு, உடனே தூங்கும். சரிபார்க்க வேண்டுமானால் ஏறி இறங்கின கையோடு ரூட்டர் பட்டியலைப் புதுப்பித்து, கடைசியாகத் தெரிந்த நேரத்தைப் பாருங்கள். பட்டியலில் மெஷின் அதன் பெயரில் இருக்காது, சிப் தயாரிப்பாளர் பெயரில் இருக்கலாம். லேபிளில் உள்ள மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று கோடு கணக்கில் வராது. நீங்கள் நின்றுகொண்டு மார்பு உயரத்தில் பார்த்திருப்பீர்கள். மெஷின் இருப்பது தரையில், கண்ணாடிக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே, மேலே ஓர் ஆள் நிற்கிறார். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே விழுங்கும். குழாய், ஈரச் சுவர், பெரிய கண்ணாடி எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, போனை 2.4-ல் நிறுத்தி, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு டிபிஎம் எண்ணைப் பாருங்கள் (சிக்னல் வலிமை; மைனஸ் எண், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). மைனஸ் 67 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் கவலையில்லை. மைனஸ் 75-ஐத் தாண்டினால் ஒரு நாள் சேரும், ஒரு நாள் சேராது.

ரீசார்ஜ் பேட்டரி என்றீர்களே, அதையும் மாற்றுங்கள். நான்கு ஆல்கலைன் சேர்ந்தால் 6 வோல்ட், நான்கு ரீசார்ஜ் சேர்ந்தால் 4.8 வோல்ட்தான். ஆல்கலைனுக்கென்று எழுதின மெஷின் அதைப் பாதி தீர்ந்த பேட்டரி என்றே நினைக்கும். திரைக்கும் எடைக்கும் சில மில்லிஆம்பியர் போதும், வைஃபை அனுப்பும் நொடியில் நூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். எடை நன்றாகத் தெரிகிறதே என்று பேட்டரியை நம்பக் கூடாது. சாதாரண கார்பன்-சிங்க் பேட்டரி இன்னும் மோசம், அந்த இழுப்பில் வோல்ட் சட்டென்று விழும். நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்றுங்கள்.

கேட்டவர்

இடுப்பு உயரத்தில் மைனஸ் 68, தரையில் கதவு சாத்தி மைனஸ் 79. இவ்வளவு வித்தியாசமா?

பதில் 3

11 டிபி. அதாவது தரைக்கு வருவது இடுப்பு உயரத்தில் கிடைப்பதில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

செலவில்லாத வழி முதலில். ரூட்டர் தரையிலோ டிவிக்குப் பின்னாலோ இருந்தால் எடுத்து உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். பிறகு தரையில் அளந்து பாருங்கள். அப்படியும் மைனஸ் 75-ஐவிட மோசமாகக் கிடந்தால் குளியலறைக்கு வெளியே, கதவை ஒட்டி, கெட்டியான தரையில் மெஷினை வையுங்கள் (மிதியடி, கம்பளத்தின் மேல் வேண்டாம், எடையே தப்பாக வரும்). இடம் மாற்றியபின் முதல் தடவை லேசாக மிதித்து எடுத்து, 0.0 வந்த பிறகு ஏறுங்கள்.

எக்ஸ்டெண்டர் வாங்குவதாக இருந்தால் அதைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். அங்கே வந்து சேருவதே தேய்ந்த சிக்னல், அதைத்தான் அதுவும் திருப்பிப் பரப்பும். ரூட்டருக்கும் குளியலறைக்கும் நடுவழியில், ரூட்டர் சிக்னல் இன்னும் மைனஸ் 65 அளவில் இருக்கும் இடம் சரி.

இறங்கியதும் காலால் மெஷினை ஓரம் தள்ளுவது, நிமிர்த்திச் சுவரில் சாய்ப்பது இரண்டும் வேண்டாம். வைஃபை குறி நிலைத்து அணையும்வரை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

கேட்டவர்

ஆல்கலைன் போட்டேன், ரூட்டரை அலமாரி மேல் ஏற்றினேன். தரையில் இப்போது மைனஸ் 71. நான்கு நாளில் ஏழு தடவை பார்த்ததில் ஆறு வந்திருக்கிறது. அந்த ஒன்று எங்கே போயிற்று?

பதில் 1, மீண்டும்

ஒரே மெஷினில் இரண்டு பேர் ஏறுகிறீர்களா, எடையும் கிட்டத்தட்ட ஒன்றா? பல மெஷின்கள் எடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. இரண்டு பேருக்கும் ஓரிரு கிலோதான் வித்தியாசம் என்றால், யாருடையது என்று தெரியாமல் அளவைத் தனியே ஒதுக்கி வைக்கும், அல்லது மற்றவர் கணக்கில் எழுதிவிடும். ஆப்பில் "அறியப்படாத அளவுகள்" அல்லது "ஒதுக்கப்படாதவை" என்று ஒரு பட்டியல் இருக்கும், திறந்து பாருங்கள்.

கேட்டவர்

அங்கேதான் இருந்தது. இரண்டு பேருக்கும் வித்தியாசம் 900 கிராம். எடுத்து உரிய கணக்கில் போட்டாயிற்று.