பீட்டர்ஸ்பர்க் சுரங்கம், 1864: திரி அணைந்தது யார் தவறு?

கரிக்குழி:
அமெரிக்க உள்நாட்டுப் போரில், வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில், தெற்குப் படையின் அரணுக்கு அடியில் வடக்குப் படையினர் சுரங்கம் தோண்டி வெடிவைத்தார்கள். "பென்சில்வேனியா 48வது படை தோண்டிய சுரங்கமே அரைகுறை வேலை, திரி பாதியில் அணைந்துபோச்சே" என்று வேறொரு இழையில் எழுதியிருந்தார்கள். இது அநியாயம். ஸ்கூல்கில் மாவட்டத்து நிலக்கரித் தொழிலாளர்கள், சுரங்கப் பொறியாளரான லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளெசன்ட்ஸ் தலைமையில், ஜூன் 25-இல் தொடங்கி ஜூலை 17-க்குள் 511 அடி தோண்டினார்கள். அவ்வளவு தூரத்துக்குக் காற்று போகாது என்று ராணுவப் பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். கருவியும் கொடுக்கவில்லை. பிக்காசைப் படைக் கொல்லர்களே தட்டித் திருத்தினார்கள். பிஸ்கட் பெட்டிக்குக் கைப்பிடி அடித்து அதில் மண் சுமந்தார்கள்.

காற்றுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? வாயிலிருந்து சுமார் 100 அடி உள்ளே, மேல்நோக்கி ஒரு புகைவழி வெட்டி, அதன் அடியில் இடைவிடாமல் தீ எரித்தார்கள். வாய்ப்பக்கம் காற்றுப் புகாத கதவு. கதவுக்குக் கீழே நுழைந்த மரக்குழாய், தரையோடு வெட்டுமுகம் வரை போனது. தீயின் சூடு கெட்ட காற்றை மேலே இழுக்க, நல்ல காற்று குழாய் வழியாக வெட்டுபவன் முகத்துக்கே வந்தது. தோண்டத் தோண்டக் குழாயை நீட்டினால் போதும்.

தெற்குவாசல்:
காற்றோட்டம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் படையில் சுமார் 400 பேர், அதில் சுரங்கத் தொழில் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 100 பேரே. மொத்தப் படையையும் "கரிக்காரர்கள்" என்பது மிகை. திரி விஷயத்துக்கு வாருங்கள். ஜூலை 30 அதிகாலை 3.15-க்குப் பற்றவைத்தார்கள், வெடித்தது 4.44-க்கு. ஒட்டுப்போட்ட இடத்தில் நெருப்பு நின்றுவிட்டது. தாக்குதலுக்கு மறைவாக இருக்க வேண்டிய இருட்டு போனது. ஒட்டுப்போட்டது யார்? இவர்கள்தானே?

கரிக்குழி:
ஒட்டு ஏன் வந்தது? நீளமான திரி கேட்டவர்களுக்குத் துண்டுதுண்டாக சாதாரணத் திரி வந்து சேர்ந்தது. ஜூலை 27-இல் வெடிமருந்து ஏற்றினார்கள், மறுநாள் மாலைக்குள் சுரங்கத்தை அடைத்து முடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளுக்கும் மேலாக ஈரமண்ணுக்குள் கிடந்த திரி அது. அணைந்ததும் சார்ஜன்ட் ஹாரி ரீஸும் லெப்டினன்ட் ஜேக்கப் டௌட்டியும் உள்ளே போய், நெருப்பு நின்ற இடத்தை மறுபடி பற்றவைத்துவிட்டு வந்தார்கள். எப்போது வெடிக்கும் என்று தெரியாத குழிக்குள்!

வேட்டுமருந்து:
இருவருமே அடைப்பைப் பற்றி, அதாவது மருந்து வைத்தபின் சுரங்கத்தை இறுக்கி மூடியதைப் பற்றிப் பேசவில்லை. நுனியில் இடமும் வலமுமாக 37, 38 அடிக்கு இரண்டு கிளைகள், எட்டு அறைகள், 25 பவுண்டு பீப்பாய் 320, மொத்தம் 8,000 பவுண்டு. கிணற்றில் வேட்டு வைப்பவர்களுக்குத் தெரியும், வாயை இறுக்காவிட்டால் விசை வந்த வழியே திரும்பிவிடும். இங்கே முதன்மைச் சுரங்கத்தில் 34 அடிக்கும், ஒவ்வொரு கிளையிலும் 10 அடிக்கும் அடைத்தார்கள். வெடி மேல்நோக்கியே போனது, விழுந்த பள்ளம் 170 அடி நீளம், சுமார் 30 அடி ஆழம். அடைப்பு சரியில்லை என்றால் இப்படி ஒரு பள்ளம் விழுந்திருக்காது.

தெற்குவாசல்:
அடைப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பள்ளமே தாக்கப் போன வடக்குப் படைக்குப் பொறியானது. சுவர் செங்குத்து, களிமண் கட்டிகள், உள்ளே இறங்கியவர்களால் ஏற முடியவில்லை.

வேட்டுமருந்து:
இந்தப் பகுதியின் வடக்குத் தளபதி பர்ன்சைட் 12,000 முதல் 14,000 பவுண்டு கேட்டதே அதற்காகத்தான். மருந்து கூடினால் பள்ளம் அகலமாகும், கரை சரிவாகும் என்பது அவர் கணக்கு. குறைத்தது மேலிடம். தாக்குதலுக்கென்றே பயிற்சி பெற்ற ஃபெரேரோவின் கறுப்பினப் படைப்பிரிவை முந்தின நாள் மாற்றியதும் மேலிடம்தான். சீட்டுக் குலுக்கலில் வந்த லெட்லியின் ஆட்கள், பயிற்சியே இல்லாமல் நேராகப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். 48வது படை அந்தத் தாக்குதலில் இறங்கவேயில்லை. அன்று வடக்குப் பக்கம் மட்டும் 3,798 பேர் செத்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போனார்கள். அந்தக் கணக்கை ஒரு திரியின் ஒட்டில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.

தெற்குவாசல்:
மாற்றியதன் பழி மேலிடத்துத் தளபதிகளான மீட், கிராண்ட் மேல் என்பதை ஏற்கிறேன். இருட்டில் வெடித்திருந்தால் நிலைமை வேறு என்பதை மட்டும் விடமாட்டேன்.