பின்னால் வண்டிச் சத்தம் குறைந்தால்

மல்லி_தாம்பரம்:
செயின் பறிப்பு எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். இரண்டு பேர், ஒரு பைக், தாலிச் சங்கிலி. அறுகிறவரை தார் ரோட்டில் இழுத்துப் போனார்கள். கழுத்துக் காயம் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. புழல் சிறையில் அடையாள அணிவகுப்பு நடந்தபோது, மாஜிஸ்திரேட் முன்னால் ஆளைத் தொட்டே காட்டினேன். அப்போதுகூட கை நடுங்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, அதே தெருவில், பின்னால் ஒரு பைக் சத்தம் குறைந்தது. திரும்பிய வேகத்தில் கையிலிருந்த பால் பாக்கெட்டை வீசிவிட்டேன். சாப்பாடு கொண்டுவந்த பையன். ஹெல்மெட் கண்ணாடியில் பால் வழிய, "அட்ரஸ்தான்க்கா கேட்க வந்தேன்" என்றான். ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்போது போட்டிருப்பது வெறும் மஞ்சள் கயிறு. ஆனாலும் என் கை கழுத்தை விட்டு இறங்கவே இல்லை.

நெல்லைக்காரன்:
எனக்கு அரிவாள். பங்க்கில் நைட் டூட்டி, இடது கையில் 14 தையல். அது போகட்டும். போன சித்திரையில் மகளோடு இளநீர் கடையில் நின்றேன். கடைக்காரர் ஒரு சீவு சீவினார், அந்தச் சத்தம்தான். சுயநினைவு வந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அவள் ஸ்ட்ராவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

முருகேசன்72:
மல்லி, அந்தத் தெரு எதற்கு? சுற்றிப் போங்கள். ஒரு மந்திரித்த கயிறும் கட்டிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.

பழைய_நர்ஸ்:
முருகேசன் அண்ணே, தப்பான யோசனை. இன்று ஒரு தெரு, நாளைக்கு இரண்டு தெரு, அப்புறம் வாசற்படியே தாண்ட முடியாது. என்னைக் கேஷுவாலிட்டியில் நோயாளியின் தம்பி ஸ்டூலால் அடித்தான். அதிலிருந்து சுவரில் முதுகு சாயாமல் என்னால் ஊசி போட முடியவில்லை, சீக்கிரமே வேலையை விட்டேன். அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதற்கு பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்த நோய், என்று பெயர் வைத்தது 1980இல். எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மாதம் தாண்டியும் இப்படித் தூக்கிப்போட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, பயந்த இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போகும் சிகிச்சை இருக்கிறது. நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். முதல் மாதத்தில் இந்த அதிர்ச்சிக்கு பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரை தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே சொல்லியிருக்கிறது. டாக்டர் ஏற்கெனவே எழுதித் தந்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. வெளியே சொல்லக் கூச்சமா, 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நெல்லைத் தம்பி, மகளிடம் ஏன் ஓடினீர்கள் என்று சொல்லிவிட்டீர்களா?

நெல்லைக்காரன்:
இல்லை. அவளும் கேட்கவில்லை. இளநீர் மட்டும் வேண்டாம் என்கிறாள்.

மல்லி_தாம்பரம்:
டாக்டரிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா. நான் எழுத வந்தது அந்தப் பையனுக்காக. ஆர்டர் போட்ட எதிர்வீட்டில் கேட்டேன், அவன் நம்பர் அவர்களிடம் இல்லையாம். அவனை எப்படிப் பிடிப்பது?