உதவி: நெட்டையன் ஜாப்பத் தாண்டி உள்ள போக முடியல

பேட்டைப்பய:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். நான் 5 அடி 4. பாளையங்கோட்டையில ரெண்டு வருசமா பாக்ஸிங் பழகுதேன். புதுசா ஒரு பையன் சேந்திருக்கான், 5 அடி 11. எடை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், 60 கிலோவுக்குள்ள. ரெண்டு பேருமே இடது கால் முன்னால வச்சு நிக்கவங்க. ஸ்பாரிங்ல, அதான் பழகுததுக்கு மோதுதப்ப, அவன் வேற ஒண்ணுமே செய்ய மாட்டான், இடது கைய நேரா நீட்டிக் குத்துத ஜாப்பையே விட்டுக்கிட்டு இருப்பான். நான் ஒரு எட்டு வச்சா மூக்குல ஒண்ணு, பின்வாங்கினா போற வழியில ஒண்ணு. நேத்து செவந்த மூக்கோட வீட்டுக்குப் போனா, சளி பிடிச்சிருக்குன்னு அம்மா கசாயம் போட்டுட்டா. மூஞ்சிய மறைக்குத கார்டு கைய ஏத்திப் பாத்தாச்சு, ஆவேசமா ஓடியும் பாத்தாச்சு. கோச் “தலைய ஆட்டுலே”ங்காரு. ஆட்டினா ஆட்டுன பக்கமே வந்து விழுது. அடுத்த மாசம் போட்டி.

மேலப்பாளையம் சவுத்பா:
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லு. ஜாப் எப்ப விழுது? நீ உள்ள போகும்போதா, சும்மா நிக்கும்போதா, அடிச்சு முடிச்ச பொறவா? மூணும் வேற வேற சீக்கு, மருந்தும் வேற. யாரையாவது போன்ல ஒரு ரவுண்டு எடுக்கச் சொல்லி, உக்காந்து எண்ணு. ஞாபகத்த நம்பாத, வாங்கினவன் ஞாபகம் பூராம் மூக்குலதான் இருக்கும்.

சந்திப்புக்காரன்:
இதுக்குப் போயி எண்ணிக்கிட்டு. 1971-ல ஹெவிவெயிட் சண்டையில ஜோ ஃபிரேசியர் முகமது அலிய என்ன செஞ்சாரு? ஆறடிக்கு அரை அங்குலம் கம்மி அவரு, அலி 6 அடி 3. ரெண்டு வாங்கினாலும் பரவாயில்லன்னு உள்ள போயிக்கிட்டே இருந்தாரு. 15-வது ரவுண்டுல இடது ஹூக்குல, அதான் பக்கவாட்டுல வளைச்சு விடுத குத்துல, அலிய மல்லாக்க விழவச்சாரு. தைரியந்தான் வே வேணும்.

மேலப்பாளையம் சவுத்பா:
ஜெயிச்ச ஃபிரேசியரும் மூஞ்சி வீங்கி ஆஸ்பத்திரிக்குத்தான் போனாரு, அதையும் சேத்துச் சொல்லும். அது 15 ரவுண்டு. இந்தப் பயலுக்கு 3 நிமிசம், 3 ரவுண்டு. நடுவர்கள் ரவுண்டுக்கு ரவுண்டு மார்க் போடுதாங்க. முதல் ரெண்டு ரவுண்டு மூக்குல வாங்கிக்கிட்டே நடந்தா மூணாவதுல என்ன செஞ்சும் ஆகாது.

பேட்டைப்பய:
எண்ணிட்டேன் அண்ணாச்சி. ஒரு ரவுண்டுல 17 ஜாப் பட்டிருக்கு. உள்ள போகும்போது வெறும் 4. மிச்சம் பூராம், நான் ஒரு அடி குடுத்துட்டு அப்பிடியே நிமிந்து நிக்கும்போதும், நேரா பின்னால வரும்போதும். நானா இப்பிடி நிக்கேன்னு எனக்கே வெக்கமா இருக்கு.

தாமிரபரணிக்கரை:
அப்ப உனக்கு உள்ள போகத் தெரியாம இல்ல, வெளிய வரத்தான் தெரியல.

ஜாப்புக்குக் கை முழுசா நீளுத இடத்துலதான் வேகம் இருக்கு. அதுக்கு அரை எட்டு வெளிய நின்னா படாது. முழங்கைக்கு உள்ள போயி ஒட்டிட்டா அவனுக்கு நீட்டவே எடம் கிடையாது. நீ நிக்கது ரெண்டுக்கும் நடுவுல. அங்கன நின்னு யோசிக்காத. ஒண்ணு வெளிய, இல்ல உள்ள.

ரெண்டாவது, எந்தப் பக்கம் நகரணும்னு கோச் சொல்லலையா? அவன் இடது கை உனக்கு வலப்பக்கமா வருது. தலைய உன் வலது பக்கமா அரைச்சாண் நகத்து, போதும். அவன் கைக்கு வெளிப்பக்கம் போயிருவ, அங்கன அவன் வலது கை லேசுல எட்டாது. இடது பக்கம் நகந்தா நேரா அவன் வலது கை வாசல்ல போயி நிப்ப. அந்த அரைச்சாணோடயே வலது கையால விலாவுக்கு ஒண்ணு, இடது ஹூக்கு ஒண்ணு. ஒரே எடையில ஏழு அங்குலம் ஒசரம்னா ஆளு ஒல்லி, விலா நீளம். தலைய எட்டி எட்டித் தேடாத, பக்கத்துல இருக்க விலாவ அடி.

தட்டிவிடுததுக்கு வலது உள்ளங்கை, கன்னத்துப் பக்கத்துலயே வச்சு, ஈ ஓட்டுத மாதிரி. எட்டிப் போயித் தட்டினா, அடுத்த தடவ சும்மா தோள அசச்சு ஏமாத்திருவான்.

அடிச்சு முடிச்சதும் நேரா பின்னால வராத. ஒட்டி நில்லு, இல்ல பக்கவாட்டுல கால் மாத்தி வா.

மொட்டமாடில துணி காயப்போடுத கொடிக்கயிறத் தோள் ஒசரத்துக்குக் கட்டு. அதுக்கு அடியில இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிக்கிட்டே முன்னால நட. முட்டி மடங்கணும், இடுப்பு மடங்கக் கூடாது, கண்ணு எதிராளி நெஞ்சுல இருக்கணும். பெல்ட்டுக்குக் கீழ தலை போனா அமெச்சூர்ல ஃபவுல், நடுவர் எச்சரிக்கை குடுப்பாரு.

கம்புக்காரன்:
பாக்ஸிங் தெரியாது, சிலம்பம் ஆடுதவன். நீளக் கம்புக்காரன் கம்பு வரும்போது மோதினா கை வலிக்கும். அது திரும்புதப்ப அதுகூடயே உள்ள போயிரணும். காலடி நேர்கோட்டுல இருக்கக் கூடாது, கோணத்துல இருக்கணும்னு எங்க வாத்தியாரு கரித்துண்டால தரையில கோடு போட்டுத் தருவாரு.

தாமிரபரணிக்கரை:
அதேதான் வே. ஜாப்ப அழைச்சுட்டு, அது திரும்புத வழியில போகணும்.

சந்திப்புக்காரன்:
சரி, டைசன் 5 அடி 10 தானே, அவரு நெட்டையனுவள அடிக்கலையா?

மேலப்பாளையம் சவுத்பா:
அடிச்சாரு, தலை ஆடிக்கிட்டு இருந்த வரைக்கும். 1990 பிப்ரவரி, டோக்கியோ. 6 அடி 3 அங்குலத்துக்கு மேல இருந்த பஸ்டர் டக்ளஸ். டைசன் தலை ஆட்டுததக் குறைச்சாரு, ஜாப்பா வாங்கினாரு, 10-வது ரவுண்டுல கீழ கெடந்தாரு. மேரி கோம் அதுவர வாங்கின 5 உலகப் பட்டமும் 48 கிலோவுக்குள்ளதான். 2012 லண்டன்ல 51 கிலோவுக்கு ஏறி, தன்னவிட ஒசரமான நிக்கோலா ஆடம்ஸ்கிட்ட அரையிறுதியில 6-11-ன்னு தோத்தாங்க. அவ்வோளுக்கே அப்பிடின்னா, நீ ஒரு மாசத்துல எல்லாத்தையும் மாத்தப் பாக்காத. வெளிய வரதச் சரிபண்ணு, அது போதும்.

பொறவு, ஸ்பாரிங் முடிஞ்சு தலைவலியோ தலைச்சுத்தலோ இருந்தா அன்னைக்கோட நிறுத்திட்டு டாக்டரப் பாரு. கசாயத்துல தீராது.

பேட்டைப்பய (பன்னெண்டு நாள் கழிச்சு):
கொடிக்கயிறு கட்டுனதுல அம்மாவுக்கு ஒரே கோவம், துணிய எங்க போடன்னு. நேத்து மறுபடி எண்ணினேன், 8 பட்டிருக்கு. விலாவுல ரெண்டு நல்லா விழுந்துச்சு, அவன் முழங்கைய இறக்கிட்டான். ஆனா இப்ப ஜாப்ப விட்டுட்டு, நான் குனியுத எடத்துல கீழருந்து மேல அப்பர்கட் வைக்கான்.

தாமிரபரணிக்கரை:
குனியாதன்னு சொன்னோம்லா. இடுப்ப இல்லலே, முட்டிய மடக்கு.