ஸ்க்ரீனருக்குத் தமிழ்: சல்லடையா, பொருத்தமா, தோதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாகக் கலைச்சொல் தேடும் இந்த இணைய இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு செயலியை வெளியிடும் முன் நாலு பேரை உட்காரவைத்துப் பயன்படுத்தச் சொல்லிப் பார்க்கிறோம். அந்த நாலு பேரைத் தேடிப் பிடிக்கும் வேலைக்குத் தமிழில் என்ன சொல்வது? அவர்கள் நமக்கு ஏற்றவர்கள்தானா என்று முன்கூட்டியே கேட்கிற கேள்விகளை, அதாவது ஸ்க்ரீனரை, என்னவென்று சொல்வது? முதலாவதற்கு இதுவரை ஆள்சேர்ப்பு, ஆள் தேர்வு, தெரிந்தெடுப்பு ஆகியவை வந்திருக்கின்றன. இரண்டாவதற்குச் சல்லடை வினா, வடிகட்டி, சலிப்பு வினாநிரல். கடைசிச் சொல்லைத் தந்த நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், 'சலிப்பு வினா' என்று படித்ததுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

'ஆள் தேர்வு' என்பதை நான் கிருஷ்ணகிரியில் நோட்டீசாகவே அடித்து ஒட்டிப் பார்த்தவன். போன வருடம் மாங்காய் விலை பார்க்கவும் மண்டிக்கு லோடு பதிவு செய்யவும் ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். 'செயலிச் சோதனைக்கு ஆள் தேர்வு, சனிக்கிழமை காலை 10 மணி' என்று டீக்கடைகளில் ஒட்டினேன், வாட்ஸப்பிலும் விட்டேன். பதினான்கு பேர் வந்தார்கள். பதினோரு பேர் கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. "ஷிப்டு எத்தனை மணி சார், கம்பெனி பஸ் பர்கூர் வரைக்கும் வருமா?" என்று கேட்டார் ஒருவர். ஓசூர்க் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற ஊர்களில் 'ஆள் எடுக்கிறாங்க' என்றால் அதற்கு ஒரே பொருள்தான். எல்லோருக்கும் பஸ் செலவைக் கொடுத்தேன். ஒரு பெண் மட்டும் வாங்காமல், கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது இன்னும் உறுத்துகிறது.

மிச்சம் மூன்று பேரில் ஒரு பெரியவர் 'சோதனை' என்பதைப் பார்த்துச் சர்க்கரை பார்க்கும் முகாம் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்திருந்தார். அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். எங்கள் பக்கம் சோதனை என்றால் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் ஜூஜூவாடி சோதனைச்சாவடி. இரண்டிலும் சோதிக்கப்படுகிறவர் நாம்தான். பயனர் சோதனையிலோ மாட்டிக்கொள்ள வேண்டியது செயலி. அதற்கு 'வெள்ளோட்டம்' என்ற சொல் கையில் இருக்கும்போது சோதனையை ஏன் கட்டி அழ வேண்டும் என்பது என் கேள்வி. தேர் வெள்ளோட்டத்தில் அச்சு முறிகிறதா, சக்கரம் உருள்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வடம் பிடித்தவருக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

சரி, சல்லடைக்கு வருகிறேன். தானியத்தைச் சுத்தம் செய்ய நம்மிடம் எத்தனை சொற்கள்! காற்றில் தூற்றுகிறோம், முறத்தில் புடைக்கிறோம், கொழிக்கிறோம், தெள்ளுகிறோம். கல் கிடந்தால் நாவி எடுக்கிறோம். மாவைச் சலிக்கிறோம், அரிசியைத் தண்ணீரில் அரிக்கிறோம். களி தின்று வளர்ந்தவனுக்கு இந்தச் சொற்கள் மேல் ஆசை இல்லாமல் இருக்குமா? 'கொழிவினா' என்று நானே ஒன்றை எழுதிவைத்து ஒரு நாள் முழுக்க ரசித்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஒதுக்கப்படுவது பதர், தவிடு, கல். ஸ்க்ரீனரில் நாம் 'இந்த முறை வேண்டாம்' என்று திருப்பி அனுப்புகிறவர் பதர் இல்லை. மாங்காய்ச் செயலிக்கு ஆகாதவர் பட்டுக்கூடு ஏலச் செயலிக்கு முதல் ஆளாக இருப்பார்.

'தெரிந்தெடுப்பு' தந்த நண்பர் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தைத் துணைக்கு அழைத்திருந்தார். 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து' என்ற குறள் அதில்தான் வருகிறது. ஆனால் வள்ளுவர் தேடுவது வேலையை முடிக்கக் கூடியவனை. நமக்கோ முடிக்க முடியாமல் திணறுகிறவர் கிடைத்தால் அதிருஷ்டம். தகுதி, தேர்வு, தெரிவு எல்லாம் ஆளின் திறமையை அளக்கிற சொற்கள். நமக்கு வேண்டியது ஆளுக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தம். பயன்பாட்டெளிமைக்கு (யூசபிலிட்டி) இலக்கணம் சொல்லும் ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலையும் (2018 பதிப்பு) குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட இலக்கு, குறிப்பிட்ட சூழல் என்றுதான் பேசுகிறது. எல்லோருக்கும் எளிது என்று ஒரு பொருள் கிடையாது.

இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொல் மட்டும் தனியாக நிற்கும்.

வேலை தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய பிறகு, அவசரத்துக்குத் தெரிந்தவர் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்காரவைத்தோம். சர்ர் என்று முடித்தார்கள். நாங்களும் மகிழ்ந்தோம். அடுத்த முறை கொஞ்சம் புத்தி வந்து, 'மாந்தோப்பு இருக்கிறதா?' என்று கேட்டு ஆள் பிடித்தோம். காவேரிப்பட்டணத்துப் பெரியவர் ஒருவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்குது தம்பி" என்றார். மாங்காயை எங்கே விற்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "நான் எங்க விக்கறேன்? பூவுலயே குத்தகைக்கு விட்டுட்டேனே" என்றார். எங்கள் பக்கம் தோப்புக்காரர்கள் பலரும் மரம் பூத்ததும் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். காய் பறிப்பதும் லோடு அனுப்புவதும் விலை பேசுவதும் குத்தகைக்காரர் பாடு. ஆக, தோப்பு இருப்பவர் எங்கள் பயனரே இல்லை.

பிறகு கேள்வியை மாற்றினோம். 'போன பருவத்தில் கடைசி லோடு எந்த மண்டிக்குப் போனது? வண்டி வாடகையை யார் கையிலிருந்து கொடுத்தார்கள்?' வாடகை கொடுத்தவர்தான் நம் ஆள். அப்படிக் கிடைத்தவர் சந்தூர்ப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர். ரகம் என்ற இடத்தைத் தொட்டார். பட்டியல் விரிந்தது. அல்போன்சா, செந்தூரா, நீலம், மல்கோவா. மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். கட்டைவிரல் திரைக்கு மேல் அந்தரத்தில் நின்றது. கடைசியில் 'மற்றவை' என்பதை அழுத்தினார். என்ன தேடினீர்கள் என்றால், "பெங்களூரா இல்லீங்களே." நாங்கள் 'தோதாபுரி' என்று போட்டிருந்தோம். கிருஷ்ணகிரியில் மண்டிக்கு வருவதில் பெரும்பங்கு அந்த ரகம், அதற்கு ஊரே சொல்லும் பெயர் பெங்களூரா. கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேரும் கண்ணில் பட்ட ரகத்தை அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

'ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியுமா?' என்பதும் இப்படிப்பட்ட கேள்விதான். கூச்சத்தில் பாதிப் பேர் தெரியும் என்பார்கள், அடக்கத்தில் மீதிப் பேர் தெரியாது என்பார்கள். 'கடைசியாகப் போனில் யாருக்குப் பணம் அனுப்பினீர்கள்?' என்று கேட்டால் "அதெல்லாம் பையன்தான்" என்று வரும், பையனைக் கூப்பிட வேண்டும் என்று நமக்கும் தெரிந்துவிடும். வேப்பனப்பள்ளி, தளி பக்கம் 'தமிழ் தெரியுமா?' என்றால் தெரியும் என்பார்கள், நன்றாகப் பேசவும் செய்வார்கள். படிப்பது தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம் என்று கேள்வியே காட்டிக்கொடுத்தால் அந்தக் கேள்வி வீண்.

எத்தனை பேர் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து பேர் போதும் என்ற பேச்சு, பயன்பாட்டெளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதிலிருந்து பரவியது. அதற்கு அடிப்படை அவரும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கு. ஒருவர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களைக் காட்டிக்கொடுத்தால், ஐந்து பேருக்குள் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளிவந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைத்தான் அவர் ஐந்து சோறாக்கினார். பானை ஒன்றாக இருக்கும்வரை அது சரி. குத்தகைக்காரர் ஒரு பானை, மண்டிக் கணக்கர் ஒரு பானை, வண்டி ஓட்டுகிறவர் ஒரு பானை. பயனர் வகை வேறுபட்டால் ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஆள் வேண்டும் என்று நீல்சனே சொல்லியிருக்கிறார், அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: ஸ்க்ரீனர் = பொருத்த வினா. ஜாதகம் பொருந்தவில்லை என்றால் மாப்பிள்ளை மட்டம் என்றோ பெண் மட்டம் என்றோ யாரும் நினைப்பதில்லை, பொருந்தவில்லை, அவ்வளவுதான். வந்து பயன்படுத்திப் பார்க்கிறவருக்குப் பங்கேற்பாளர் என்ற சொல் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. வருகிறவருக்குக் கொடுக்கும் பணத்தை 'ஊக்கத்தொகை' என்று எழுதுகிறோம். மா அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு ஊக்கம் எதற்கு? போனதைக் கொடுத்தால் போதும். 'மெனக்கெட்டு வந்தேன்' என்கிறோமே, அது 'வினைக்கெட்டு' என்பதன் மரூஉ, வினை கெட்டு, அதாவது வேலை கெட்டு. 'மெனக்கேட்டுக் கூலி' என்று சொல்லிப் பாருங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவருக்கு ஒரு சொல் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல் வேண்டாம், இரண்டு பேரைக் கூடுதலாக அழைத்து வைத்துக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைக்காதீர்கள், பாதி ஊர் போச்சம்பள்ளிச் சந்தையில் இருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து

* * *

தம்பிக்கு,

வாசித்தேன். வெறும் வயிற்றுப் பெரியவரை நினைத்துச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

முப்பது வருடம் தருமபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் நடத்தியவன் சொல்கிறேன், 'பொருத்த வினா' எடுபடாது. எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 'பொருத்துக' என்று இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு போட்டுக் கோடிழுக்கிற கேள்வி என்றுதான் சொல்லும். தேர்வு என்ற சொல்லிலிருந்து தப்பிக்கப் போய்த் தேர்வுத்தாளுக்குள்ளேயே விழுந்திருக்கிறீர்கள்.

மெனக்கேட்டுக் கூலி எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதும்போது 'வினைக்கேட்டுத் தொகை' என்று திருத்தலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம், அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது.

பதிலாக ஒன்று சொல்கிறேன். களையெடுக்க ஆள் வைக்கும்போது என் வீட்டுக்காரம்மா "தோதான ஆளா பார்த்துச் சொல்லுங்க" என்பார். கெட்டிக்கார ஆள் என்று அர்த்தமில்லை. அந்த வேலைக்கு, அந்த நாளைக்கு, அந்தக் கூலிக்கு ஒத்துவருகிற ஆள். நீங்கள் நாலு பத்தியில் சொன்னது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 'தோதுவினா' என்று வையுங்கள். பேச்சு வழக்கு என்று தள்ளுகிறவர்கள் இருப்பார்கள். உங்கள் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்திலேயே, 1916இல், அறிவியல் சொற்களை எளிய தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். எளிய தமிழ் என்றால் இதுவும்தானே?

வருகிறவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குகிற தாளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாகிவிட்டது, போன் நம்பரையும் வீடியோவையும் வைத்துக்கொள்ள அவர்கள் சம்மதம் வேண்டும். கையெழுத்து என்றாலே பத்திரம் என்று பயப்படுகிற ஊர் நம்முடையது. அந்தத் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

* * *

ஐயா,

தோற்றேன், மகிழ்ச்சியாகத் தோற்றேன். தோதாபுரியால் அடிபட்டவனுக்குத் தோது வந்து மருந்து போட்டிருக்கிறது.

'தோது தமிழ்தானா, வேர் எது?' என்று தனிமடலில் ஒருவர் கேட்டுவிட்டார். மூன்று மொழி கலந்து புழங்குகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் பூர்வீகம் கேட்டால் சந்தைக்குப் போய் ஒரு படி பயறு வாங்க முடியாது என்று எழுதியிருக்கிறேன். அவர் ஏற்கவில்லை. இழையில் அவரே எழுதட்டும்.

தோதுவில் பொருத்தத்தை விட ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. ஆள் செயலிக்குத் தோதா என்றும் கேட்கலாம், செயலி ஆளுக்குத் தோதா என்றும் கேட்கலாம். நேற்று புது நோட்டீஸ் அடித்தேன்:

'மாங்காய் லோடு அனுப்புகிறவரா? எங்கள் செயலி உங்களுக்குத் தோதாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வாருங்கள். வேலைவாய்ப்பு அல்ல. ஒரு மணி நேரம். மெனக்கேட்டுக் கூலி உண்டு.'

சாயங்காலத்துக்குள் ஏழு போன் வந்தது. மார்க் ஷீட் கேட்டு யாரும் வரவில்லை. ஒருவர் மட்டும் எடுத்த எடுப்பில், "பெங்களூரா டன் என்ன ரேட்டுக்கு எடுக்கறீங்க?" என்றார். நான் வாங்குகிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, போன பருவத்தில் கடைசி வண்டிக்கு வாடகை கொடுத்தது யார் என்று கேட்டேன். "நான்தான், வேற யாரு குடுப்பா?" என்று எரிந்து விழுந்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார்.