சமையல் நேரத்தில் ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு செல்போனா, பாத்திரமா?

கறிவேப்பிலை:
ரெண்டு வயசுக்குள்ள ஸ்கிரீனே வேண்டாம், எப்பவாவது சொந்தக்காரங்களோட வீடியோ கால் மட்டும் பரவாயில்லைன்னு இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2021-லயே சொல்லிட்டாங்க. சரிதான். ஆனா சாயங்காலம் குழம்பு கொதிக்குது, வீட்ல வேற பெரியவங்க இல்லை. பிள்ளை அடுப்பு பக்கம் வர்றதை விட 20 நிமிஷம் பாட்டு வீடியோ மேல். இதுதான் என் கட்சி.

நடைவண்டி:
அடுப்புக்கும் போனுக்கும் நடுவுல வேற வழியே இல்லாத மாதிரி சொல்றீங்க. சமையலறை வாசல்ல தடுப்புக் கதவு போட்டு, அதுக்கு வெளியே, நம்ம கண்ணுல படுற இடத்துல பிள்ளையை உட்கார வைக்கலாம்.

இட்லித் தட்டு ஒண்ணு, பிள்ளையோட சாக்ஸ் நாலஞ்சு ஜோடி எடுங்க. சாக்ஸை உருண்டையா சுருட்டி, குழிக்கு ஒண்ணா வச்சுக் காட்டிட்டு நகர்ந்துடுங்க. வைக்கும், எடுக்கும், கவுத்துப் போடும்.

அடுத்தது பிளாஸ்டிக் டப்பா. மூடியில 7 செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலத்துக்கு வெட்டி, பழைய சீட்டுக்கட்டை ஒவ்வொண்ணா உள்ளே போட விடுங்க. பலர் கத்தியால வெறும் கீறல் போட்டு விட்டுடுவாங்க. சீட்டு சிக்கும், பிள்ளை கடுப்பாகி டப்பாவை வீசும். வெட்டின விளிம்புல செல்லோடேப் கட்டாயம். சீட்டைச் சப்பிக் கிழிக்கிற பிள்ளைன்னா சாக்ஸோட நிறுத்திக்கோங்க.

பருப்புடப்பா:
நடுவுல ஒரு எச்சரிக்கை. தட்டுல பருப்பு, கொண்டைக்கடலை கொட்டி அள்ள விடுங்கன்னு சொல்ற வீடியோக்களை நம்பாதீங்க. வாயில போனா புரையேறும். மூக்குல போன கடலை ஈரத்துல ஊதிடும், எடுக்கிறது கஷ்டம். மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோட பொம்மை தொண்டையில சிக்குமான்னு பார்க்க அமெரிக்காவுல வச்சிருக்கிற சோதனைக் குழாய் 3.17 செ.மீ. விட்டம். அதுக்குள்ள முழுசா அடங்குற எதையும் கொடுக்கக் கூடாது.

சப்பாத்தி மாவும் சமையல் நேரத்துக்கு ஆகாது. பச்சை மாவு வயித்துக்கு நல்லதில்லை, பக்கத்துல ஆள் இருக்கணும். கடையில விக்கிற விளையாட்டு மாவு மாதிரி வரணும்னு உப்பை அள்ளிப் போட்டுப் பிசையறது அதை விட மோசம். தண்ணி விளையாட்டு பத்திப் பேச்சே வேண்டாம். இந்த வயசுல தலை கனம் அதிகம், வாளிக்குள்ள கவிழ்ந்தா தானா எழ முடியாது.

கறிவேப்பிலை:
இதையெல்லாம் தள்ளினா மிச்சம் இருக்கிறது சாக்ஸும் சீட்டும். ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் தாங்கும். அப்புறம்? குழம்பு இன்னும் கூட்டவே இல்லையே!

நடைவண்டி:
அந்த வயசுக்கு அஞ்சு நிமிஷமே நல்ல கவனம்ங்க. நாம அரைமணி எதிர்பார்க்கிறதுதான் கோளாறு. மூணு விளையாட்டைத் தயாரா வச்சு, ஒண்ணு அலுத்தப்புறம் அடுத்ததை எடுங்க, மூணையும் சேர்த்துப் பரப்பாதீங்க. டொலீடோ பல்கலைக்கழகத்துல 2018-ல வந்த ஆய்வுல, 16 பொம்மை இருந்தப்போ விட 4 மட்டும் இருந்தப்போ பிள்ளைங்க ஒவ்வொண்ணோடயும் அதிக நேரம், பலவிதமா விளையாடினாங்க. மிச்சத்தைப் பரண்ல போட்டு வாரம் ஒருதடவை மாத்துங்க.

இன்னொண்ணு, கூடத்துல ஓடுற சீரியலை அணைங்க. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட 2008 ஆய்வுல, பெரியவங்க நிகழ்ச்சி சும்மா பின்னணியில ஓடினதுக்கே பிள்ளைங்க ஒரு விளையாட்டுல நிலைக்கிற நேரம் குறைஞ்சுது.

அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தரையில உட்கார்ந்து பருப்பு கடைஞ்சு, நண்டு ஊர விட்டு விளையாடுங்க. அது கிடைக்காத பிள்ளைதான் காலைக் கட்டிக்கிட்டு நிக்கும்.

கறிவேப்பிலை:
சீரியல் விஷயம் ஒத்துக்கிறேன். மத்தபடி, வேலை முடிச்சு ஏழு மணிக்கு வீட்டுக்குள்ள நுழையற ஆளுக்கு அந்தப் பத்து நிமிஷம் எங்க இருக்கு? சங்கமே அனுமதிக்கிற பாட்டி வீடியோ காலை நான் விட மாட்டேன்.

பருப்புடப்பா:
பாட்டி வரட்டும், ஆனா போன் பிள்ளைக்கு எட்டாத அலமாரியில சாஞ்சு நிக்கட்டும். இது "எப்பவாவது" கணக்கு, தினசரி கணக்கில்லை.

நடைவண்டி:
பாட்டி கையிலயும் ஒரு இட்லித் தட்டு இருந்தா இன்னும் நல்லது.