டேங்கின் இடப்பக்கக் கோடு

குழு: திருவொற்றியூர் வீடு

தம்பி, காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் முதல் வருடத் திதிக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன. அதற்குள் முன்வாசலில் நிற்கும் புல்லட்டை முழுவதுமாகப் பிரித்து, இஞ்சினைச் சரிசெய்து, டேங்குக்கும் மட்கார்டுக்கும் புதிதாகக் கறுப்பு அடித்து, அன்று காலை மாலை போட்டு நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். புதுப்பேட்டையில் ஒரு பெயின்டரிடம் பேசிவிட்டேன். பழைய தங்கக் கோட்டையும் தூரிகை பிடித்துக் கையாலேயே போட்டுத் தருவதாகச் சொல்கிறார். செலவு என்னுடையது. யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் சனிக்கிழமை வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன்.

அண்ணாநகர் அத்தை, 7:25
நல்ல எண்ணம், மருமகனே. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதக் கூடாது என்று இந்தக் குழுவில் நான் போட்ட விதியை நீ முதன்முறையாக மதித்திருப்பதும் மகிழ்ச்சி. என் தம்பி இருந்திருந்தால் இரண்டாவதற்குத்தான் அதிகம் சிரித்திருப்பான்.

பெரம்பூர் சித்தப்பா, 7:48
செய்யலாம். அண்ணன் அழுக்கு வண்டியில் ஏறி ஒரு நாளும் வாசலைத் தாண்டியதில்லை. அவருக்கு வந்த அந்த ஆசைக்கு நம் ஊரும் ஒரு காரணம். இராணுவத்துக்கு 350 சிசி புல்லட்டுகள் தேவைப்பட்டதால், இங்கிலாந்து நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, நம் திருவொற்றியூரில்தான் தொழிற்சாலை வைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் நேராக வீட்டுக்கு வர மாட்டார். அந்த வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் புத்தகப்பையை வைத்துவிட்டு, வெளியே வரும் வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்த வண்டியில் டேப்பெட் (இஞ்சின் வால்வைத் திறக்கும் பாகம்) சத்தம் அதிகம் என்று எனக்குப் பாடம் வேறு நடக்கும். அப்போது எனக்கு வயது ஏழு. பசிதான் தெரியும், டேப்பெட் தெரியாது.

சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் அவர் தவறாமல் போய்வருவார். மகள் பிறந்த ஆண்டு மட்டும் போகவில்லை. பின்னால் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பந்தயத் தடம் வந்த பிறகு, மனைவி, மக்கள், புளியோதரைத் தூக்கு எல்லாவற்றையும் ஒரே புல்லட்டில் ஏற்ற முடியாது என்பதால் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க இரண்டு பேருந்து மாறிப் போன மோட்டார் சைக்கிள் பைத்தியம் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

நான், 8:30
தம்பி, இஞ்சின் வேலைக்கு எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் டேங்கில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி, 8:34
ஏன் அக்கா? இடப்பக்கம் பெயின்ட் உரிந்து கிடக்கிறது. வருகிறவர்கள் பார்த்தால், அப்பா போனதும் பிள்ளை வண்டியைக் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

நான், 8:52
அது நீ கவனிக்காததால் உரிந்தது இல்லை. எல்.கே.ஜி. போன நாள் முதல் அப்பா என்னை முன்னால் டேங்கின் மேல் ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு உட்கார வைத்துத்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். (இன்று அப்படி உட்கார வைத்தால் போக்குவரத்துக் காவலர் நிறுத்துவார்; நிறுத்தவும் வேண்டும்.) கால் எட்டாமல் தொங்கும், தேரடித் தெருவின் ஒவ்வொரு குழியிலும் என் இடது ஷூவின் பக்கிள் டேங்கில் உரசும். முழங்கால் ரப்பருக்கு மேலே தங்கக் கோடு வளைகிற இடத்தில், நான்கு விரல் அளவுக்குக் கோடே இல்லாமல் சாம்பல் நிற ப்ரைமர் தெரிகிறதே, அது முதல் வகுப்பு முடிவதற்குள் நான் செய்த வேலை. அதற்கடுத்து, பெட்ரோல் மூடியை நோக்கி மேலே ஏறிப் போகிற பிறைக் கீறல் உன்னுடையது. உனக்கு என்னைவிடக் கால் குட்டை.

வலப்பக்கம் இன்னும் புதிது போல இருக்கிறதை நீ கவனித்ததுண்டா? நாம் இருவரும் வலது காலை ஹேண்டில்பார் பக்கம் மடக்கி வைத்துக்கொள்வோம்.

தம்பி, 8:59
இதை நீ இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

பெரம்பூர் சித்தப்பா, 9:15
அம்மாடி, நீ மனதில் வைத்திருப்பது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் அந்தக் கீறலை விட்டு வைத்ததற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை, பணமும்தான். எங்கள் அம்மாவின் கண் அறுவை, மாடியில் போட்ட இரண்டு அறை, உங்கள் பள்ளிக் கட்டணம், இவை போகத் துறைமுகச் சம்பளத்தில் பெயின்டருக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? ஆயில் மாற்றுவதை மட்டும் ஒரு தடவையும் தள்ளிப்போட மாட்டார். உள்ளே இருப்பது கெட்டால் நடுரோட்டில் நிற்க வேண்டும், வெளியே இருப்பது கெட்டால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதானே என்பார். இன்று அவர் மகனிடம் பணம் இருக்கிறது, அடிக்கட்டும்.

அண்ணாநகர் அத்தை, 9:31
பணம் இல்லாதது உண்மை. ஆனாலும் அந்த வண்டியைத் தனக்கென்று அவன் ஓட்டி நான் பார்த்ததில்லை. உங்கள் மாமா மருத்துவமனையில் படுத்திருந்தபோது மதியச் சாப்பாடு திருவொற்றியூரிலிருந்து அதில்தான் வந்தது. ரசம் ஒரு நாளும் ஆறி வந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் வடிவுடையம்மன் கோயில் வாசலில் வாங்கும் மல்லிகையை வாழையிலையில் சுற்றி, பக்கவாட்டு டூல் பாக்ஸில் ஸ்பேனருக்கு மேலே வைத்து மூடிவிடுவான். காற்றில் வாடாது என்பது அவன் கணக்கு. உங்கள் அம்மாவின் கூந்தலில் பல ஆண்டுகள் மல்லிகையும் கிரீஸும் கலந்துதான் மணத்தன.

அத்தை மகன், 9:40
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், வழக்கறிஞன் புத்தி. பெயின்டுக்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். ஆர்.சி. இன்னும் மாமா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்து மாமி பெயருக்கு மாற்ற வேண்டும்; இதற்குக் கெடு மூன்று மாதம்தான், அது எப்போதோ கடந்துவிட்டது. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25இல் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். அதன் தேதியை யாராவது பார்த்துச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்டி உருட்டக்கூடக் கூடாது. திங்கட்கிழமை நான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

பாப்பா, 10:20
அம்மா, மாமா, நான் ஒன்று சொல்லலாமா? தாத்தாவுடன் அந்த வண்டியைக் கடைசியாகப் பிரித்தது நான்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் லீவுக்குத் திருவொற்றியூரில் இருந்தேன். இரவு தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் தாத்தா முதலில் அரிசி டிரம்மைக் கட்டில் மேல் தூக்கினார். பிறகு பாட்டியின் தையல் மெஷின். பிறகு என் புத்தகங்கள், நான் வேண்டாம் என்று சொல்லியும். வண்டியைப் படிமேல் ஏற்றப் பலகை தேடி அவர் வெளியே வந்தபோது தண்ணீர் சக்கரத்தின் நடுவரை வந்துவிட்டது. நான் அழுதேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குளிக்கட்டும், நாற்பது வருடமாக ஒழுங்காகக் குளிப்பாட்டியது நான் ஒருவன்தான் என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு மொட்டை மாடியில் பாய் விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தோம். ஆயிலைச் சொட்டவிட்டபோது அது மோர் போல வெளுத்து வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம் என்று சொல்லி, என்னை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடிக்கச் சொன்னார். கறுப்பாகத்தான் வந்தது. தீப்பொறிக்கான பாயின்டை மட்டும் நைஸ் எமரித் தாளால் தேய்த்தோம். டேப்பெட் பார்க்க என் விரலைத்தான் பயன்படுத்தினார், அவருடையது தடித்துவிட்டதாம்: இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வால்வைத் தள்ளும் புஷ்ராடு கம்பி விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

பொங்கலன்று கிளப்பினோம். கிக்கரை ஓங்கி உதைக்கக் கூடாது. மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கல் போல நிற்கும். அப்போது மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்துவிடும். இஞ்சினுக்குள் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து ஒரு மயிரிழை தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகுதான் முழு உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை உடைத்துவிடும். முள்ளைப் பார், காலைப் பார்க்காதே என்று தாத்தா ஐந்து தடவை சொன்னார். ஆறாவது உதையில் கிளம்பியது.

பெரம்பூர் சித்தப்பா, 10:31
குழந்தை சொன்ன வரிசையில் ஓர் எழுத்தும் தவறில்லை. இருபது வயதில் நான் அந்த முள்ளைப் பார்க்காமல் உதைத்துத்தான் மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அண்ணன் வண்டியைத்தான் முதலில் நிறுத்தி வைத்தார் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். வண்டி விழுந்தது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கிராஷ் கார்டு வளைந்தது அன்றுதான்.

தம்பி, 10:36
அப்படியானால் கிராஷ் கார்டையும் நிமிர்த்தக் கூடாதா? இப்படியே போனால் நான் எதைத்தான் சரிசெய்வது?

நான், 11:05
அம்மா குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். பின்னணியில் குக்கர் சத்தம் அதிகம் என்பதால், அவள் சொன்னதை எழுத்தில் தருகிறேன். அத்தையின் விதிக்கு ஏற்ப அங்கங்கே திருத்தியிருக்கிறேன், பொருளை மாற்றவில்லை.

அம்மா (நான் எழுதியது), 11:06
"எல்லோரும் எழுதியதைப் பேத்தி படித்துக் காட்டினாள். முதலில் அந்த ஆயில் ஒழுகுவதை நிறுத்துங்கள். கோலம் போடுகிற இடமெல்லாம் கறை. சோப்புத் தூளுக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. அவர் இருந்தவரை அடியில் அட்டை போட்டு வைப்பார், அந்த அட்டையை மாற்றவும் இப்போது ஆள் இல்லை.

பெயின்ட் விஷயம். பணம் இல்லை என்று கொழுந்தனார் சொன்னது சரி. ஆனால் 1996இல் அரியர்ஸ் வந்தது. அதில் எனக்கு ஒரு ஜோடி வளையல், மீதியில் வண்டிக்குப் பெயின்ட் என்று அவரே முடிவு செய்து பெயின்டரை வீட்டுக்கே வரவழைத்தார். டேங்கைக் கழற்றி முருங்கை மரத்தடியில் முக்காலியில் வைத்தாயிற்று. பெரியவள் பத்து வயது தாண்டிவிட்டாள், சின்னவனும் சைக்கிளில் போகத் தொடங்கிவிட்டான், டேங்கில் உட்கார ஆள் கிடையாது. பெயின்டர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வலப்பக்கம் வைத்தபோது ஒன்றும் பேசவில்லை. இடப்பக்கம் திருப்பி அந்தக் கீறல் மேல் வைத்தபோது, இருப்பா, இன்றைக்கு வேண்டாம் என்றார். ஏன் என்று அந்த ஆளும் கேட்டான், நானும் கேட்டேன். மழை வரும் போலிருக்கிறது என்றார். சித்திரை மாதம். கல் பிளக்கிற வெயில். முழு நாள் கூலியைக் கொடுத்து, மோரும் கொடுத்து அனுப்பிவிட்டு, அவரே டேங்கைத் தூக்கி மாட்டினார். அடுத்த நாளும் பெயின்டரைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

வளையல் வாங்கினோம். கண்ணா, நீ ஆயிலைப் பார்."

அண்ணாநகர் அத்தை, 11:20
இதை முப்பது வருடமாக எங்கே ஒளித்து வைத்திருந்தாய், அம்மா?

பெரம்பூர் சித்தப்பா, 11:24
நான் எழுதியதில் பணம் என்ற பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அண்ணி. பாதியை மட்டும்.

தம்பி, 11:58
பெயின்டருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டியை எங்கும் அனுப்பப் போவதில்லை. சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர முடியுமா? டேப்பெட் கவரிலும் செயின் கேஸிலும் ஆயில் ஒழுகாமல் அடைக்கும் புது கேஸ்கெட் போட வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை நானே போய் வாங்கி வருகிறேன். மட்கார்டை அடிக்கலாம்தானே? அதில் யார் காலும் படவில்லையே?

நான், 12:02
மட்கார்டு உன் இஷ்டம்.

தம்பி, 12:10
இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கிளப்ப முயன்றேன். கிளம்பவில்லை. அதோடு அந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதே மறந்துபோய், தள்ளி நிறுத்தும்போது பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, அம்மாவின் செம்பருத்தித் தொட்டியில் மோதிவிட்டேன். தொட்டியில் விழுந்த விரிசலுக்குப் பூனை காரணம் இல்லை.

அம்மா (நான் எழுதியது), 12:15
"பூனை இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்."

பெரம்பூர் சித்தப்பா, 12:19
ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தேவையில்லை, பாப்பாவின் விரல் போதும். ஆயில் பிடிக்க ஒரு பழைய டிரேயும் வேஸ்ட் துணியும் எடுத்து வையுங்கள். அன்று வெள்ளிக்கிழமை இல்லையென்றாலும், யாராவது வரும் வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வாருங்கள், வாழையிலையோடு.

பாப்பா, 12:21
கிக்கரை யார் உதைப்பது?

தம்பி, 12:22
நீதான். நான் முள்ளைப் பார்த்துச் சொல்கிறேன்.